கழற்றுவதற்கு முன்

“கியர் பொக்ஸ் போயிட்டுது அண்ணை.” திருகோணமலையில் ஓட்டோ கியர் வாகனம் திருத்துகிற மெக்கானிக்கிடம் காருக்கு முன்னால் வந்துசேர்வது இந்தத் தீர்ப்புத்தான். சிலவேளை தொலைபேசியில் வரும், சிலவேளை கயிறு கட்டி இழுத்துவந்த காரோடு வரும். பாவித்த கியர் பொக்ஸுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் யாரோ சொன்ன விலையும் கூடவே வரும். தொழில் தெரிந்தவர் அதற்கு ஆமென்று தலையாட்டுவதில்லை, இல்லையென்று மறுப்பதுமில்லை. கேள்வி கேட்கத் தொடங்குவார். “எப்ப நிண்டது? சூடு ஏறின பிறகா, காலையில எடுக்கேக்கையா? பிரேக் பிடிக்கேக்கையா, ஓடிக்கொண்டிருக்கேக்கையா? பிறகு தானா ஸ்டார்ட் வந்ததா?”

உரிமையாளர்கள் பலருக்கு இது நேரங்கடத்தும் பேச்சாகத் தோன்றும். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பானரை எடுப்பதற்கு முன் நடக்கும் இந்த விசாரணையைப் பொறுத்தே செலவு சில ஆயிரத்தில் நிற்பதும் சில இலட்சத்துக்குப் போவதும்.

ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலும் மொரிஸ் மைனரிலும் தொழில் பழகிய தலைமுறைக்குக் காதும் கையும் போதும். கிளச் தேய்ந்தால் மணக்கும், பற்சில்லு உடைந்தால் சத்தம் போடும். இன்று கராஜுக்கு வருகிறவை பெரும்பாலும் ஜப்பானில் சில காலம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. எல்லாவற்றிலும் ‘டி’ என்ற ஒரே எழுத்துத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்துக்குக் கீழே இருப்பது குறைந்தது நாலு வகை இயந்திரம்.

பழைய கொரோலா 121இல் டோர்க் கன்வேட்டரும் நாலு கியரும் இருக்கின்றன. பிந்திய விட்ஸிலும் வெகன் ஆரிலும் கியரே இல்லை. அவற்றில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே உருக்குப் பட்டி ஓடுகிறது. அதுதான் சீவீடி. ஹொண்டா பிட் ஜீபி5, வெசல் ஹைபிரிட் இரண்டிலும் 7 கியரும் இரட்டைக் கிளச்சும். பிரியஸிலும் அக்குவாவிலும் பட்டியும் இல்லை, டோர்க் கன்வேட்டரும் இல்லை. என்ஜினையும் இரண்டு மின்மோட்டர்களையும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி இணைத்துவைக்கிறது. ‘ஓட்டோ கியர் இழுக்குதில்லை’ என்று நாலு பேர் வந்து சொன்னால், அது நாலு வெவ்வேறு நோய்.

‘பிரேக் பிடிச்சு நிப்பாட்டேக்கை என்ஜினும் நிண்டுபோகுது’ என்ற பதிலை எடுத்துக்கொள்வோம். டோர்க் கன்வேட்டருக்குள் ஒரு பூட்டுக் கிளச் இருக்கிறது. வேகம் பிடித்து ஓடும்போது அது என்ஜினையும் கியர் பொக்ஸையும் நேராகப் பூட்டி எரிபொருளை மிச்சப்படுத்தும். வேகம் குறைந்ததும் கழன்றுவிட வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் சொலனொயிட் என்ற மின்வல்வ் அழுக்கால் இறுகிப்போனால் பூட்டு கழராது. மனுவல் காரைக் கிளச் மிதிக்காமல் நிறுத்தினால் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும்: குலுக்கு ஒன்று, பிறகு என்ஜின் நிற்கும். ஸ்கேனரில் பி 0741 என்ற கோளாறு எண்ணோ அதன் அயல் எண்ணொன்றோ கிடந்தால் சந்தேகம் வலுக்கும். அப்படியே விழுந்தாலும் முழுக் கியர் பொக்ஸும் போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது.

அதே குறைபாடு இருந்து, ஸ்கேனரில் கியர் பொக்ஸ் பக்கம் ஒன்றுமே இல்லையென்றால் பார்க்கவேண்டியது த்ரொட்டில் பொடி. அதன் தகட்டைச் சுற்றிக் கரி படிந்தால், கால் எடுத்த நிலையில் என்ஜினுக்குத் தேவைப்படும் சொற்பக் காற்றுக்கூட உள்ளே போகாது. துப்புரவாக்குவது சிறு வேலை. அங்கேயும் ஒரு பொறி உண்டு. கரியோடு ஓடப் பழகிய கம்பியூட்டருக்குப் புதிய நிலையைக் கற்பிக்காமல் காரைக் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் சந்தியில் மறுபடி நிற்கும். ‘கழுவிக் குடுத்தும் சரிவரேல்லை, அப்ப கியர் பொக்ஸ்தான்’ என்ற முடிவு அப்படித்தான் பிறக்கிறது.

‘ஓடிக்கொண்டிருக்கேக்கை திடீரெண்டு நிண்டது, அரை மணித்தியாலத்தாலை தானா ஸ்டார்ட் வந்தது’ என்றால் கதை வேறு. சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்க்கும் உறுப்புகள் இரண்டு அடிக்கடி அகப்படும்: கிராங்க் சென்சர், பெற்றோல் பம்ப். பம்ப் விடயத்தில் பழியைப் பாவிக்கிறவர் தலையில் மட்டும் போட முடியாது. டென்சோ நிறுவனம் செய்த பம்புகளில் சுழலும் பிளாஸ்ரிக் சில்லு பெற்றோலை உறிஞ்சி வீங்கி, உறையில் உராய்ந்து நின்றுபோகக்கூடும் என்று தெரியவந்தது. 2020 ஒக்டோபரில் டொயோட்டா திருப்பி அழைத்த வாகனங்களின் தொகை உலகளவில் 58 இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் ஹொண்டாவும் அதே காரணத்துக்காகப் பல இலட்சம் வாகனங்களை அழைத்தது.

ஹைபிரிட் வாகனங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 2014 பெப்ரவரியில் டொயோட்டா மூன்றாம் தலைமுறைப் பிரியஸ்களில் ஏறத்தாழ 19 இலட்சத்தைத் திருப்பி அழைத்தது. மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியைக் கட்டுப்படுத்திய மென்பொருளில் பிழை. அதனால் டிரான்ஸிஸ்டர்கள் சூடேறி, வாகனம் இழுவை குறைந்து, சில சந்தர்ப்பங்களில் ஓட்டத்திலேயே நின்றுவிடலாம். அதே மாதம் ஹொண்டா 81,000க்கு மேற்பட்ட பிட், வெசல் ஹைபிரிட்களை அழைத்தது. இரட்டைக் கிளச்சை ஆளும் மென்பொருள் கியரைப் பிந்திப் போடலாம், போடாமலேயும் விடலாம் என்பது குறை. 2013 செப்ரெம்பரில் சந்தைக்கு வந்த பிட் ஹைபிரிட்டுக்கு 2014 ஒக்டோபரில் ஐந்தாவது அழைப்பு வந்தபோது, அப்போதைய தலைவர் தகனோபு இத்தோ உட்பட மேலதிகாரிகள் 3 மாதம் சம்பளக் குறைப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

2014 பெப்ரவரியின் அந்த இரண்டு அழைப்புகளுக்கும் முதல் மருந்து மென்பொருளை மாற்றுவதுதான். கியர் பொக்ஸைக் கழற்றி நிலத்தில் வைத்துப் பார்க்கிற மெக்கானிக்கின் கண்ணுக்கு அந்தப் பிழை தெரிந்திருக்காது.

மூன்றாவது பதில், ‘ஏத்தத்திலை நடுங்குது’. திருகோணமலை நகரம் பெரும்பாலும் சமதரை. ஆனால் பிரெடெரிக் கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் ஒடுங்கிய சாலை இந்த வாகனங்களுக்கு நல்ல பரீட்சைக்களம். திருவிழாக் காலத்தில் வரிசையாக ஊர்ந்து ஏறும்போது ஜீபி5, வெசல் ஓட்டுநர்கள் பலர் பிரேக்கைத் தொடாமல் அக்சிலறேற்றரை இலேசாக மிதித்தே காரைச் சரிவில் தாங்கி நிற்பார்கள். அந்த இரட்டைக் கிளச் உலர் கிளச். அரைப்பிடியில் நின்றால் எரியும். சூடு கூடிவிட்டது என்ற எச்சரிக்கை முன்பலகையில் வரும். அந்த நேரத்தில் தேவைப்படுவது ஓரமாக நிறுத்தி ஆறவிடுவது மட்டுமே. பழைய பிட் ஹைபிரிட்டான ஜீபி1இல் சீவீடியோடு ஒரு தொடக்கக் கிளச் இருக்கிறது. அதன் நடுக்கம் பலதடவை ஒயில் பழுதானதன் முறைப்பாடு. ஹொண்டா சொன்ன ஒயிலை மாற்றிவிட்டுச் சொன்ன முறைப்படி ஓட்டிப் பழக்கினால் சில வாகனங்கள் திருந்திவிடுகின்றன.

ஒயில் பேச்சு வந்தால் எந்த மெக்கானிக்கும் சற்று நீட்டித்தான் பேசுவார். டொயோட்டா ஏரீஎஃப் டபிள்யூஎஸ் வேறு, டொயோட்டா சீவீடி ஒயில் வேறு, நிசான் என்எஸ்-3 வேறு, ஹொண்டாவின் எச்எம்எம்எஃப் வேறு. டோர்க் கன்வேட்டர் கியர் பொக்ஸில் கிளச் வழுக்கலை மென்மையாக்கும் குணம் வேண்டும். சீவீடியில் பட்டி கப்பியில் வழுக்கவே கூடாது. ஒன்றின் ஒயிலை மற்றதில் ஊற்றினால் தேவைப்படும் குணத்துக்கு நேர் எதிரானதை ஊற்றியதாகும். ‘எல்லாத்துக்கும் விடலாம்’ என்று பீப்பாவில் விற்பதை நம்பி ஊற்றப்பட்ட கார் சில மாதம் நன்றாகவே ஓடும். பிறகுதான் ஊளையிடத் தொடங்கும்.

அளவு பார்ப்பதும் லேசில்லை. புதிய டொயோட்டாக்கள் பலவற்றில் அளவுகோல் கம்பியே கிடையாது. என்ஜின் ஓட, ஒயில் 40 பாகை செல்சியஸை ஒட்டிய குறுகிய இடைவெளியில் இருக்க, அடியிலுள்ள ஆணியைத் திறந்து மிஞ்சியது வழியவிட்டு அளவு பிடிக்க வேண்டும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் வெயிலில் நின்ற காரை நண்பகலில் ஸ்டார்ட் பண்ணினால், ஆணியைக் கழற்றுவதற்குள் ஒயில் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். சூட்டில் விரிந்த ஒயிலை வழியவிட்டால் ஆறியபிறகு அளவு குறையும். அளவு குறைந்தால் காலையில் ‘டி’ போட்டும் கார் அசையத் தயங்கும். அதனால்தான் விபரம் தெரிந்தவர் காரை முதல்நாளே விட்டுவிட்டுப் போகச் சொல்லி, விடிய முதல் வேலையாக அதைச் செய்கிறார்.

அடித்தட்டைக் கழற்றும் நேரம்தான் இந்தத் தொழிலில் உண்மை தெரியும் நேரம். தட்டின் மூலைகளில் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறப் பசை மெல்லியதாகப் படிந்திருந்தால் பயமில்லை. ஓடிய வாகனத்தில் அது இருக்கத்தான் செய்யும். விரலில் தேய்க்கும்போது மினுங்கும் துகள்களோ முட்கள்போலக் குத்தும் சிம்புகளோ பட்டால், அதற்குப் பிறகு ஒயில் மாற்றிப் பிரயோசனமில்லை. கருகிய மணமும் கறுப்பு நிறமும் கிளச் தட்டுகள் எரிந்ததைச் சொல்லும். ஒயில் பலூடா நிறத்தில் வழிந்தால் கூலன்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் குளிர்ப்பான் உள்ளே அரித்துப்போயிருக்கும்.

அரிப்பு இந்தத் துறைமுக ஊரின் நிரந்தரப் பிரச்சினை. உப்புக்காற்றில் நிற்கும் கார்களில் பற்றரி முனையும் ஏர்த் வயரும் பச்சை பூத்துப்போகும். மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலே கியர் பொக்ஸ் கம்பியூட்டர் தடுமாறி, சம்பந்தமில்லாத சொலனொயிட்களின் கோட்களை வரிசையாக எழுதிவைக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்துக் கியர் பொக்ஸின் வல்வ் பொடியை மாற்றியவர்கள் உண்டு. ஒரு துண்டு அரத்தாளால் ஏர்த் முனையைச் சுரண்டியே அதைச் சரிசெய்தவர்களும் உண்டு. நிலாவெளிப் பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு ஸ்கேனரைப் பூட்டுமுன் மீற்றரைப் பிடித்துப் பார்ப்பது இந்த ஊர் அனுபவம் தந்த பழக்கம்.

அடுத்தது வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோது மூதூர், கிண்ணியாப் பக்கம் தண்ணீர் புகுந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். கியர் பொக்ஸுக்குக் காற்றுவிடும் ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. வாகனம் மூழ்கினால் அதன் வழியே தண்ணீர் இறங்கும். கிளச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப்படை தண்ணீரை உறிஞ்சும், பசை விடும். வெள்ளம் வடிந்ததும் ‘ஸ்டார்ட் வருதா’ என்று பார்ப்பதுதான் இருப்பதற்குள் செலவு கூடிய பரிசோதனை.

இவ்வளவுக்கும் மேலாக மெக்கானிக்குகளை ஆத்திரப்படுத்துவது கயிறு. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைகள் சாலையைக் கடக்கும். இருட்டும் நேரத்தில் கார் நின்றுவிட்டால், அந்த இடத்தில் காத்திருக்க யாருக்கும் மனம் வராது. வருகிற லொறியில் கயிறு கட்டி கந்தளாய்வரை இழுத்துவந்து விடுவார்கள். என்ஜின் ஓடாதபோது கியர் பொக்ஸின் ஒயில் பம்பும் ஓடாது. முன்சில்லுகள் மட்டும் உள்ளிருக்கும் சுழலிகளை உலரச் சுற்றவைக்கும். ஹைபிரிட் என்றால் சில்லோடு சேர்ந்து மோட்டரும் சுற்றி மின் பிறப்பிக்கும். வெறும் பெற்றோல் பம்ப் கோளாறாக இருந்தது, கராஜ் வந்துசேரும்போது உண்மையான கியர் பொக்ஸ் கோளாறாக மாறியிருக்கும். தட்டையான லொறியில் ஏற்றுவது, முடியாவிட்டால் முன்சில்லுகளைத் தூக்கி இழுப்பது, இரண்டுதான் வழி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களே ஓடின, விலையேறின, கைமாறின. ஜப்பானில் எத்தனை கிலோமீற்றரில் ஒயில் மாற்றினார்கள், திருப்பி அழைத்த திருத்தம் கப்பலேறுமுன் செய்யப்பட்டதா என்ற வரலாறு கைமாறும்போது அழிந்துபோனது. தயாரிப்பு நிறுவனங்களின் ஜப்பானிய இணையத்தளங்களில் சசி இலக்கத்தைக் கொடுத்தால் அந்த வாகனத்துக்கு அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். வாங்குவதற்கு முன் அதைப் பார்க்கச் செலவேதும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் நின்றால் ஸ்ரியறிங் இறுகும், ஆனால் திரும்பும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். முன்பலகையில் எரியும் விளக்குகளைத் தொலைபேசியில் படம் எடுங்கள். என்ன வேகம், எவ்வளவு தூரம் ஓடியபின், எந்தக் கணத்தில் நின்றது என்பதை அப்போதே குறித்துவையுங்கள். பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோளாறு நடந்த நொடியில் என்ஜின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்று கம்பியூட்டர் எழுதிவைத்த குறிப்பு அதோடு அழிந்துபோகலாம். மெக்கானிக்குக்கு முதலில் வேண்டியது அந்தக் குறிப்புத்தான்.