மலையில் குறிஞ்சி, கடலில் பால்சுறா!

கொடைக்கானல் போகிறவர்கள் தவறவிடாத இடம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-ல் கட்டப்பட்ட இந்த முருகன் கோயிலின் பெயரிலேயே பூ இருக்கிறது. ஆனால், இப்போது போனால் நீலப்பூவைத் தேடி ஏமாற வேண்டியதுதான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-ல் மலையை நிறைத்தது. அடுத்து 2030-ல்தான்!

இடைப்பட்ட காலத்தில் அது வெறும் பச்சைப் புதர். ‘ஏதோ செடி’ என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். தேயிலை, யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள், கட்டடங்கள் எல்லாம் அதன் புல்வெளியைப் பிடித்துக்கொண்டன. 2024-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் வாய்ப்புள்ள இனமாக நீலக்குறிஞ்சி இடம்பெற்றது.

மலையிலிருந்து இறங்கி, மதுரை வழியாகத் தூத்துக்குடி கடற்கரைக்கு வந்தால், அதே பட்டியலில் உள்ள இன்னோர் உயிரை மீன் ஏலத்தில் பார்க்கலாம். அதுதான் பால்சுறா. பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளம்தான் இருக்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளின் பழக்கம். ஆங்கிலத்திலும் இதற்கு ‘மில்க் ஷார்க்’ என்றுதான் பெயர்.

மற்ற மீன்களைப்போல் இது ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. சுமார் ஒரு வருடம் வயிற்றில் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகள் வரைதான் ஈனும். அதற்காகக் கரையோரம் வருகிறது. வலைகள் அதிகம் இருப்பதும் அங்கேதான். தாய்க்காகச் சமைக்கும் சுறா, சில நேரம் தானும் ஒரு தாய்!

குறிஞ்சிக்கும் இதே கதைதான். பூத்து, விதை உதிர்த்ததும் செடி காய்ந்துவிடும். செல்ஃபிக்காக ஒரு கொத்தைப் பறித்தால், 12 ஆண்டுக் காத்திருப்பின் விதை அதோடு போய்விடும். இரண்டுக்குமே ஆபத்து வருவது அடுத்த தலைமுறையைப் பெறும் நேரத்தில்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. குறிஞ்சிக்குக் கோயில் இருக்கிறது, கூட்டம் கூடுகிறது. பால்சுறாவை யாரும் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. அதற்கு நம்மால் முடிந்தது, மீன் கடையில் குட்டிச் சுறாவையும் சினைச் சுறாவையும் வேண்டாம் என்று சொல்வது.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது பிறந்த குழந்தைக்கு 2030-ல் 12 வயது. மலைக்குக் கூட்டிப்போய்ப் பூவைக் காட்டலாம், பறிக்காமல்!