வியர்வை உலரும் முன்



நம் மார்க்கத்தில் பெருநாட்கள் இரண்டே. ஆயினும், நாட்டு மக்கள் அனைவரோடும் நாம் பெறும் பொது விடுமுறை நாட்களிலும் படிப்பினை உண்டு. சென்ற மே தினம் நமக்குப் புகட்டிய பாடத்தைச் சற்று வெட்கத்துடனேயே இங்கு எழுதுகிறோம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வசிப்போருக்கு இந்நாளின் அருமை தெரியும். ஷிப்டு முறையில் இரவும் பகலும் தொழிற்சாலைகள் இயங்கும் ஊர் இது. நம் மச்சான் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் நேரத்தில் அவருடைய பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும் ஊதியத்துடன் கூடிய தேசிய விடுமுறைகளாகத் தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்கு வழங்குகிறது. அவற்றுள் பிள்ளைகளின் கோடை விடுமுறையோடு சேர்ந்து வருவது மே தினம் ஒன்றுதான். இந்தியாவில் முதன்முதலாக, 1923இல், சென்னைக் கடற்கரையில் கூட்டம் நடத்தி அதனைக் கொண்டாடியவர் சிங்காரவேலர்.

அன்று இரு குடும்பத்தாரும் ஒரு வேன் அமர்த்தி மாமல்லபுரம் சென்றோம். ஃபஜ்ரு தொழுததும் புறப்பட்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக, வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் அலைகளில் நனைந்தனர். மச்சான் தம் மகனைத் தோளில் சுமந்து நடந்ததைக் கண்டு நம் தங்கையின் கண்கள் கலங்கின. அல்ஹம்துலில்லாஹ்!

1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் பல்லவர் காலச் செதுக்கல்களைப் பார்த்துவிட்டு, சிற்பக் கூடங்கள் நிறைந்த தெரு வழியே வந்தோம். ஒரு கூடத்தில் உளிச் சத்தம் கேட்டது. இமையெல்லாம் கல்தூள் படிய ஒரு முதியவர் கருங்கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தா, இன்னிக்கு உழைப்பாளர் தினம்தானே? இவருக்கு லீவு இல்லையா?" என்றாள் நம் பத்து வயது மகள்.

அன்றாடக் கூலிக்கு வேலை செய்வோர்க்கு விடுமுறை என்றால் அன்று வருமானம் இல்லை என்று விளக்கினோம். வகுப்பெடுத்துப் பழகிய நா அத்துடன் நிற்கவில்லை. தாவூத் நபி (அலை) தம் கைகளால் உழைத்து உண்டதையும், மூஸா நபி (அலை) மத்யனில் ஆண்டுக்கணக்கில் கூலிக்குப் பணிபுரிந்ததையும் சொன்னோம். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததையும் சொன்னோம்.

அவள் சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நம்ம வீட்டுச் சுவர் கட்டின கொத்தனாருக்குக் காசு குடுத்தாச்சா அத்தா?"

நாம் வாயடைத்துப் போனோம். துணைவியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை முடிந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி. "சம்பளம் வரட்டும், தந்துவிடுகிறோம்" என்று சொல்லியிருந்தோம். ஆனால் வேன் வாடகையை முதல் நாள் இரவே முன்பணமாகக் கொடுத்திருந்தோம். கொடுக்க இயன்றவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விப்பவர்கள் நாம்! உல்லாசப் பயணத்துக்குப் பணம் இருந்தது. கூலி கொடுக்கத்தான் இல்லை.

மாலையில் ஊர் திரும்பி மஃக்ரிபு தொழுததும், மச்சானிடம் கைமாற்றாகப் பணம் பெற்று, மகளையும் அழைத்துக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குச் சென்றோம்.

"இதுக்காகவா இருட்டுல வந்தீங்க ஹஜ்ரத்? நீங்க எங்க போயிடப் போறீங்க!" என்றவர் பணத்தை வாங்கிக்கொண்டார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபின், சித்தாள் அம்மாவுக்கு அதில் எவ்வளவு சேர வேண்டும் என்று விசாரித்தோம்.

"அந்தம்மாவுக்கு அன்னிக்கே குடுத்துட்டேனே. பாவம், கூலி இல்லாம எப்படி வீட்டுக்குப் போவாங்க? பக்கத்துல வட்டிக்கு வாங்கித்தான் குடுத்தேன்" என்றார் அவர்.

நாம் நாவால் போதித்த நபிவழியை, அதனைக் கேட்டறியாத ஒருவர் தம் கையால் செய்து முடித்திருந்தார். அதற்கு அவர் வட்டியும் கட்டியிருந்தார். அந்தச் சுமைக்குக் காரணம் நாம். அவ்வட்டித் தொகையையும் கேட்டறிந்து, அவர் எவ்வளவோ மறுத்தும், மறுநாள் கொடுத்துவிட்டோம்.

அன்புடையீர்! தொழிற்சாலை முதலாளிகள் கூலியைத் தாமதித்தால் நாம் கண்டிக்கிறோம், கண்டிக்கவும் வேண்டும். அத்துடன் நம் வீட்டு வாசலையும் பார்ப்போம். பாத்திரம் துலக்குபவர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஏன், நம் மதரஸாவைக் கூட்டிப் பெருக்கும் மூதாட்டி, இவர்களுள் யாருக்கேனும் நம்மிடம் பாக்கி இருக்கிறதா? கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருக்கிறான் என்பதை மறவாதிருப்போம்.

வல்ல ரஹ்மான் நம் பிழைகளைப் பொறுத்து, சொல்வதைச் செய்பவர்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.