எண்ணுவதற்காகவே ஒரு தீவுக்கு!

மிட்வே தீவில் விமானங்கள் பகலில் இறங்குவதைத் தவிர்க்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அங்கே வானமே பறவைகளுக்குச் சொந்தம். அதனால், பறவைகள் தரையிறங்கி அடங்கிய பிறகு, இருட்டில் வந்து இறங்குகிறது சிறிய விமானம். ஹோனலூலுவிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தூரம். பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவே, மூன்று குட்டித் தீவுகள். மொத்தமாகச் சேர்த்தாலும் 6 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான்.

இரண்டாம் உலகப்போர் படங்கள் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1942 ஜூனில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய மிட்வே சண்டை நடந்தது இங்கேதான். இன்று இது பறவைகளுக்கான சரணாலயம். உலகத்திலேயே மிகப்பெரிய அல்பட்ராஸ் குடியிருப்பு.

பெரும்பாலானவை லேசான் அல்பட்ராஸ். பெயர்தான் ‘லேசான்’. சிறகை விரித்தால் 2 மீட்டர்! ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. அப்பாவும் அம்மாவும் முறை வைத்து இரண்டு மாதத்துக்கு மேல் அடைகாக்கும். ஒன்று கடலுக்கு இரை தேடப் போனால், மற்றது வாரக்கணக்கில் பட்டினியாக முட்டை மேலேயே உட்கார்ந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒவ்வொரு டிசம்பரிலும் சுமார் இருபது தன்னார்வலர்கள் இங்கே வருகிறார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் தீவில்தான். வேலை? கூடுகளை எண்ணுவது. செயற்கைக்கோள், ட்ரோன் என்று என்னவெல்லாமோ வந்துவிட்டதே, இன்னுமா கையால் எண்ணுகிறார்கள் என்று தோன்றும். நடந்துதான் எண்ணுகிறார்கள். வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே வேகத்தில் முன்னேற வேண்டும். கையில் ஒரு கவுன்ட்டர். நம் வீட்டுப் பெரியவர்கள் ராமநாமம் சொல்லும்போது விரலில் மாட்டிக்கொண்டு அழுத்துவார்களே, அந்த ஜாதிதான். முட்டையோடு பறவை உட்கார்ந்திருந்தால் ஒரு ‘டிக்’. சும்மா நிற்கும் பறவைக்கு ‘டிக்’ கிடையாது. நல்ல ஆண்டில் இந்த எண்ணிக்கை 6 லட்சத்தை ஒட்டி வந்து நிற்கும்.

கேட்க எளிது. நடந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டு வாசல், சாலையோரம், பழைய ராணுவக் கட்டடத்தின் நிழல் என்று எங்கும் கூடு. பக்கத்துப் பறவையின் அலகுக்கு எட்டாத தூரம் இருந்தால் போதும், அதுதான் இரண்டு வீட்டுக்கும் எல்லை. நடுவே போகிற மனிதனின் கெண்டைக்காலில் கொத்து விழும். பூமிக்கு அடியிலும் குடித்தனம் உண்டு. போனின் பெட்ரல் என்ற சிறு கடற்பறவைகள் மண்ணைத் தோண்டி வளையில் வாழ்கின்றன. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போய்விடும். அப்படிப் போய்விட்டால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, குனிந்து கையாலேயே மண்ணை அள்ளி, உள்ளே பறவை மாட்டிக்கொள்ளாமல் வழி செய்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

2015 டிசம்பரில் அப்படி நடந்தவர்களின் கண்ணில்தான் அது பட்டது. கூட்டில் உட்கார்ந்திருந்த சில பறவைகளின் கழுத்திலும் முதுகிலும் ரத்தக் காயம். சில செத்தே கிடந்தன. யார் செய்தது என்று புரியவில்லை. இரவில் கேமரா வைத்துப் பார்த்தார்கள்.

எலி. பெருச்சாளி அல்ல, வீட்டில் ஓடுமே, சுண்டெலி.

போர்க்காலத்தில் கப்பலோடு வந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீவிலேயே விதையும் பூச்சியும் தின்று சாதுவாகக் கிடந்தவை. திடீரென்று பறவையின் முதுகில் ஏறிக் கடிக்க ஆரம்பித்தன. பறவை ஏன் எழுந்து ஓடவில்லை? முட்டையை விட்டு எழுந்திருக்காதே! கடிபட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அடுத்த பருவத்தில் 200க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன, ஏறத்தாழ 1,000 கூடுகள் கைவிடப்பட்டன. லட்சக்கணக்கில் இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால், ருசி கண்ட எலி சும்மா இருக்குமா? ஒவ்வொரு கூடாக நடந்து பார்க்கும் வழக்கம் இல்லாதிருந்தால், இது வெளியே தெரிய இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!

2023 ஜூலையில், அல்பட்ராஸ்கள் கடலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தீவு முழுக்க எலிமருந்து போட்டார்கள். பல ஆண்டுகள் திட்டமிட்ட வேலை. கொஞ்ச நாளில் மறுபடி எலி கண்ணில் பட்டது. ஒரு ஜோடி தப்பினாலும் போதுமே, அதற்கு.

இந்தத் தீவில் ஒரு பாட்டி இருக்கிறாள். பெயர் விஸ்டம். 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற விஞ்ஞானி அதன் காலில் வளையம் மாட்டினார். 2002இல் அதே ராபின்ஸ், அதே தீவில், ஒரு பறவையைப் பிடித்து வளையத்தை மாற்றினார். ஊருக்குத் திரும்பிப் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோதுதான், அது தான் இளவயதில் வளையம் மாட்டிய பறவையே என்று தெரிந்தது. 2011 சுனாமியில் மிட்வேயில் லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அடித்துச் செல்லப்பட்டன. விஸ்டமும் அதன் குஞ்சும் பிழைத்துக்கொண்டன. ராபின்ஸ் 2017இல் 98 வயதில் காலமானார்.

2024 நவம்பரில், குறைந்தது 74 வயதில், புது ஜோடியோடு விஸ்டம் மீண்டும் ஒரு முட்டையிட்டது. ஜனவரியில் குஞ்சு பொரித்தது.