ஒக்கூர் மடிக்கணினிக்குள் க்னோம் வந்த வழி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர் போன்ற ஊர்களிலும் பிளஸ் டூ பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்தக் கணினி போய்ச் சேர்ந்தது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸைத் தேர்ந்து உள்ளே போனவர்கள் கண்ட திரைக்குப் பெயர் க்னோம். லினக்ஸில் அது ஒன்றுதான் உண்டு என்றில்லை. கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்க்யூட்டி என்று டெஸ்க்டாப் சூழல்கள் ஏராளம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பை இடித்து மாற்றிக் கட்டினாலும் உள்ளே வளவு அப்படியே நிற்பதுபோல, டெஸ்க்டாப்பை மாற்றினாலும் அடியில் இருக்கும் லினக்ஸ் மாறாது. அப்படியிருக்க, இத்தனை முகப்புகளில் இந்த ஒன்று எப்படி ஒக்கூர் வரை வந்தது? யார் தேர்ந்தார்கள், எந்தக் காரணத்துக்காக? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்ததில் எனக்குக் கிடைத்த பதில், தமிழ்நாட்டுப் பிள்ளையின் தேவையிலிருந்து தொடங்கவில்லை. அது ஜெர்மனியிலும் மெக்சிகோவிலும் நடந்த ஓர் உரிமத் தகராறில் தொடங்குகிறது.

1996 அக்டோபர் 14 அன்று, ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அன்றைய யுனிக்ஸ், லினக்ஸ் திரைகளில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. பொத்தான் ஒரு மாதிரி, மெனு இன்னொரு மாதிரி. சாதாரண மனிதர் பயன்படுத்தும்படி எல்லாவற்றையும் ஒரே சீராகக் கட்டலாம் வாருங்கள் என்று அவர் அழைத்தார். அதுதான் கேடிஇ. அதைக் கட்ட அவர் எடுத்துக்கொண்டது நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்தின் க்யூட்டி என்ற கருவித்தொகுப்பு. தொழில்நுட்ப அளவில் நல்ல தேர்வுதான். ஆனால் அப்போது க்யூட்டியின் உரிமம் கட்டற்ற மென்பொருளின் நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. கட்டற்ற லினக்ஸின் முகமே கட்டற்றதாக இல்லாமல் போவதா என்ற கேள்வி எழுந்தது. 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தே இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் முழுக்க முழுக்கக் கட்டற்ற மாற்றாக க்னோமைத் தொடங்கினார்கள். 1998-ல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் திட்டம் உரிமச் சிக்கலைக் காட்டி கேடிஇயைத் தன் களஞ்சியத்திலிருந்து விலக்கியது. 2000-ல் க்யூட்டி ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்ததும் தகராறு தீர்ந்தது, கேடிஇ டெபியனுக்குத் திரும்பியது. ஆனாலும் டெபியனில் முதன்மை இடம் க்னோமுக்கே அமைந்தது.

இந்தியப் பகுதி இங்கே தொடங்குகிறது. பாஸ் லினக்ஸை உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம். முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. டெபியனின் முதன்மை டெஸ்க்டாப் க்னோம். பாஸின் டெஸ்க்டாப்பும் க்னோம். டெபியன் க்னோம் 2-லிருந்து 3-க்குப் போனது. 2013-ல் வந்த பாஸ் 5-ஆம் பதிப்பும் க்னோம் 3-க்குப் போனது. இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும்போது, க்னோம் இங்கே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைவிட, மரபுரிமையாக வந்தது என்பதே பொருத்தமான விளக்கம் என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. இந்திய மொழிகளுக்காகவே உருவான பாஸ், இந்திய எழுத்துகளை நன்றாகக் காட்டியதால் க்னோமை எடுத்திருக்கலாம் அல்லவா? எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாத வாதம். ஏனென்றால் தமிழைத் திரையில் காட்டுவது லேசான வேலை இல்லை. ஒக்கூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்99 விசைப்பலகையில் ஒ, க, க, ஊ, ர, புள்ளி என்று ஆறு தட்டு. இரண்டாவது க-வைத் தட்டியதுமே முதல் க-வின் மேல் புள்ளி தானாக விழ வேண்டும். அடுத்து ஊ-வைத் தட்டும்போது க-வும் நெடில் குறியும் ஒட்டி ‘கூ’ என்ற ஒரே வடிவமாக வேண்டும்; ஒட்டாவிட்டால் க தனியாகவும் குறி தனியாகவும் நிற்கும். சொக்கலிங்கம் என்று அடித்தால் வேலை இன்னும் கூடுகிறது. ‘சொ’வில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ச-வுக்கு இடப்புறமும் கால் வலப்புறமும் போய் நிற்க வேண்டும். க்னோம் 2 காலத்தில் இந்த வேலையைப் பாங்கோ என்ற நூலகம் செய்தது, நன்றாகவே செய்தது. ஆனால் 2007-க்குள் க்யூட்டியும் இதைக் கற்றிருந்தது. அது மட்டுமல்ல, இந்தத் தேடலில் என்னை மிகவும் மகிழ்வித்த செய்தியும் இங்கேதான் கிடைத்தது. பாங்கோவும் க்யூட்டியும் ஒரே மூலத்திலிருந்து, ஃப்ரீடைப் எழுத்துரு நூலகத்தின் பழைய நிரலிலிருந்து, ஆளுக்கொரு படியை எடுத்துத் தனித்தனியே வளர்த்து வந்தன. 2006 வாக்கில் அந்த இரண்டு படிகளையும் ஒன்றாக்கிப் பிறந்ததுதான் ஹார்ஃப்பஸ். உரிமத்துக்காகப் பிரிந்த இரண்டு முகாம்கள் எழுத்துக்காகக் கூடியிருக்கின்றன. இன்று க்னோமில் அடித்தாலும் கேடிஇயில் அடித்தாலும் ‘கூ’வை ஒட்டுவதும் ‘சொ’வின் கொம்பை முன்னே வைப்பதும் அதே ஹார்ஃப்பஸ்தான். ஆகவே எழுத்தைக் காட்டும் திறனை வைத்து ஒரு டெஸ்க்டாப்பை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்த முடியாது.

அப்படியானால் எதை வைத்துத் தேர்வது? டெபியனே இதற்கு ஒரு முன்மாதிரி காட்டியிருக்கிறது. 2012-ல் முதல் குறுந்தகட்டில் க்னோம் அடங்கவில்லை என்பதற்காக எக்ஸ்எஃப்சிஇயை முதன்மையாக்கிப் பார்த்தார்கள். இடையில் க்னோமுக்குத் திரும்பி, 2013 நவம்பரில் மறுபடியும் எக்ஸ்எஃப்சிஇ. 2014 செப்டம்பரில் க்னோமுக்கே திரும்பினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் க்னோமில் கூடுதல் என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. அவர்கள் முடிவு சரியா தவறா என்பது அடுத்த பேச்சு. காரணத்தை எழுதிவைத்து, காரணம் மாறியபோது முடிவையும் மாற்றினார்களே, அதைத்தான் நான் மதிக்கிறேன். அதே அளவுகோலை ஒக்கூரில் வைத்துப் பார்த்தால் விடை வேறாக வந்திருக்கக்கூடும். திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் நினைவகம் 2 ஜிபி. க்னோம் 3 தன் திரைக்கு முப்பரிமாண வரைகலை முடுக்கத்தை எதிர்பார்க்கும் சூழல். அந்தக் கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ இலேசாக இருந்திருக்கும். பிரவுசரைத் திறந்தால் நினைவகம் எப்படியும் தீரப்போகிறது, டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்து என்ன ஆகும் என்று கேட்பார்கள். பிரவுசர் அவ்வளவு தின்கிறது என்பதாலேயே டெஸ்க்டாப் குறைவாகத் தின்ன வேண்டும் என்பேன்.

“லினக்ஸில் இத்தனை டெஸ்க்டாப் இருப்பதே குழப்பம், விண்டோஸில் ஒன்றே ஒன்று, கற்பது எளிது” என்பது நான் அதிகம் கேட்கும் மறுப்பு. 2012-ல் விண்டோஸ் 8 தன் ஸ்டார்ட் பொத்தானை நீக்கியபோது, உலகெங்கும் பழகிய கைகள் தடுமாறின. பழைய முகத்தைத் தாமே தொடர்ந்து நடத்திக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. 2011-ல் க்னோம் 3 இதேபோலத் தலைகீழாக மாறியபோது, அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் க்னோம் 2-இன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார். இன்றும் அது உயிரோடு இருக்கிறது. பன்மையின் பயன் இதுதான். குழப்பம் பன்மையால் வரவில்லை, வழிகாட்டாமல் விடுவதால் வருகிறது. 2018-ல் வந்த நமது பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைப் பாருங்கள். அதில் விளக்கப்படும் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் திரை, இடப்புற லாஞ்சரும் மேற்பட்டையும் கொண்ட யூனிட்டி. உபுண்டுவோ 2017 அக்டோபரிலேயே யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குப் போய்விட்டது. பாடநூலில் யூனிட்டி, மடிக்கணினியில் பாஸின் க்னோம், பக்கத்திலேயே விண்டோஸ் என்று மூன்று முகங்களை ஒரு மாணவியின் முன் வைத்துவிட்டு, லினக்ஸ் கடினம் என்று அவள் சொன்னால் அது அவள் குற்றமா?

எப்படியும் பிள்ளைகள் பாஸை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ஆகவே இந்த ஆராய்ச்சியே வீண் என்று சிலர் சொல்லக்கூடும். பலர் அப்படிச் செய்தது உண்மைதான். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, பள்ளிக்கென ஒரு லினக்ஸ் தொகுப்பு, அதையே விளக்கும் பாடநூல், அதிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று எல்லாவற்றையும் ஒரே திரையைச் சுற்றிக் கட்டினார்கள். அங்கே நிலைத்தது இங்கே நிலைக்காததற்கு மென்பொருளைக் காரணம் சொல்ல முடியாது.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தப் பழைய அரசு மடிக்கணினிகளில் அதற்கு வழியில்லை. அவற்றில் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் டெபியனை எக்ஸ்எஃப்சிஇயுடனோ எல்எக்ஸ்க்யூட்டியுடனோ பென்டிரைவில் ஏற்றிப் பாருங்கள். வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்க அதில் வழி உண்டு. தமிழ்99-ஐ அமைத்து உங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பாருங்கள். 2 ஜிபி கணினிக்கு அந்த இரண்டு டெஸ்க்டாப்களில் ஒன்று, 8 ஜிபி இருந்தால் க்னோமோ கேடிஇயோ. பார்வைக் குறைபாடு உள்ளவர் பயன்படுத்துவதானால் முதலில் க்னோம். இது என் தீர்ப்பு. பள்ளிக்கல்வித் துறைக்கும் எல்காட்டுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பிள்ளைகளுக்குக் கணினி கொடுக்கும்போது, அதில் எந்த டெஸ்க்டாப், ஏன் அது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி உடன் கொடுங்கள். பாடநூலிலும் அதே திரையைப் போடுங்கள்.