வெட்கத்தின் விலை

பழைய உடுப்பு வாங்குவதிலே எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். ஒரு சுவெட்டருக்காக 1,800 ரூபாவை இழந்து, அந்த இழப்பிலே ஒரு பாடத்தையும் கற்றவன் என்ற முறையில், எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அது 2022 ஆம் ஆண்டின் மார்கழி மாதம். அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவுக்கு ஏறியிருந்தது. நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் பனியோ விலைவாசியைப் பார்த்து இறங்குவதில்லை. காலைக் கூட்டத்தில் நிற்கையில் எலும்பு வரை நடுங்கும். புதிய சுவெட்டர் வாங்க வழியில்லாமல், பசறை வழியாகப் பஸ்ஸேறிப் பதுளைக்குப் போனேன். அங்கே கடைத்தெரு ஓரத்தில், வெளிநாடுகளிலிருந்து கட்டுக் கட்டாக வரும் பழைய உடுப்புகளைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

குவியலில் ஒரு சாம்பல் நிறச் சுவெட்டர் கண்ணிற்பட்டது. கையில் எடுத்தேன். அதே கணத்தில் தெருவின் எதிர்ப்புறம் என் மாணவர் இருவர் வருவதைக் கண்டேன். எனக்கு என்ன நேர்ந்ததென்று இன்றும் புரியவில்லை. விரித்துப் பார்க்கவில்லை, பேரம் பேசவில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்து, களவாடிய பொருளைப் போல அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் விரித்தபோது இரு கக்கங்களிலும் நூல் நைந்திருந்தது. தைக்க முயன்றேன், ஊசி போன இடமெல்லாம் புதிய ஓட்டையாயிற்று. அன்று ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏறக்குறைய இரண்டு நாள் கொழுந்தை நான் குப்பையில் எறிந்திருந்தேன். பணத்தைவிட வேறொன்றே என்னை அதிகம் வருத்தியது. 'வறுமை குற்றமன்று; அதற்காக வெட்கப்பட வேண்டியவர் வறியவர் அல்லர்' என்று வகுப்பறையில் எத்தனை முறை முழங்கியிருக்கிறேன்! அந்தப் பாடத்தை நான் இன்னும் படிக்கவில்லை என்பதை அந்தச் சுவெட்டர் எனக்குக் காட்டிற்று.

அடுத்த மாதம் மீண்டும் அதே இடத்துக்குப் போனேன். என் மாணவன் ஒருவனின் தாய் அங்கே குனிந்து சட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சற்றும் கூசாமல் நிமிர்ந்தார்.

"என்னங்க சேர், விரிக்காமலே பாக்குறீங்க? வெயிலுக்குக் கொண்டாந்து உள்பக்கத்தத் திருப்புங்க. காசு நம்ம காசு தானுங்களே?"

அவருடைய மூத்த மகள் கட்டுநாயக்காப் பக்கம் கார்மெண்ட்ஸில் ஆறு வருடம் தைத்தவள். தாய்க்குத் துணியைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். அன்று அந்தத் தாயிடம் நான் மாணவனானேன்.

உடுப்பை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். கக்கம், முழங்கை, கழுத்துப்பட்டை, காற்சட்டையின் தொடையிடுக்கு ஆகிய இடங்களிலேதான் துணி முதலில் மெலியும். பக்கத் தையலை இரு கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். சிப்பை மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும். பொத்தான் போயிருந்தால் வைக்கலாம், தையல் பிரிந்திருந்தால் தைக்கலாம். துணியே நைந்திருந்தால் நூல் நிற்காது. கழுத்துச் சீட்டிலுள்ள அளவை நம்பக்கூடாது. நாட்டுக்கு நாடு அளவு மாறும். கம்பளியோ முந்தியவர் துவைத்ததில் சுருங்கியிருக்கும். நமக்குப் பொருந்தும் உடுப்பொன்றின் தோளகலத்தைச் சாணால் அளந்து வைத்துக்கொண்டு போவதே மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, எது தேவை என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும். "மலிவா கெடக்குதேன்னு வாங்குனா அதுதாங்க சேர் ரொம்ப வெல" என்றார் அவர்.

மகனுக்கென அவர் தெரிந்தெடுத்த சட்டையின் கழுத்துச் சீட்டை வாசித்தேன். இலங்கையில் செய்யப்பட்டது என்றிருந்தது. அவர் மகளைப் போன்ற ஒருத்தி தைத்து, எங்கோ ஒரு சீமையில் ஒருவன் உடுத்துக் களைந்து, மீண்டும் இந்த மலையடிவாரத்துக்கு வந்திருக்கிறது. சொன்னபோது அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பழைய காலத்தை எண்ணினேன். நம் பாட்டன்மாருக்குத் தோட்டம் கம்பளி கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. பட்ட கடனைத் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதி, ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். அந்த முறை 1921 இலேதான் ஒழிக்கப்பட்டது. கொடுத்த கம்பளியைப் புரட்டிப் பார்த்து, 'இது வேண்டாம், வேறு கொடு' என்று சொல்லும் நிலை அவர்களுக்கு ஏது?

இன்றைய உலகச் சந்தையிலும் இதே கதை நடக்கிறது. கானா நாட்டின் அக்ரா நகரில் கந்தமாந்தோ என்றொரு பெருஞ்சந்தை. மேல்நாட்டுப் பழைய உடுப்புகளுக்கு அங்கே வழங்கும் பெயர், இறந்துபோன வெள்ளையனின் உடுப்பு என்று பொருள்படுவது. சிறு வியாபாரிகள் கட்டை அவிழ்க்காமலே வாங்க வேண்டும். உள்ளே கந்தலே இருந்தாலும் நட்டம் அவர்களுக்கே. 2016 இல் ருவாண்டா பழைய உடுப்புகளின் மீது தீர்வையை உயர்த்திற்று. 2018 இல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்கு வழங்கிய தீர்வைச் சலுகையை நிறுத்திவைத்தது. வேண்டாம் என்று சொல்ல முயன்ற சிறிய நாடு கொடுத்த விலை அது!

அக்ராவின் வியாபாரிக்குக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் உரிமையில்லை. எனக்கு அந்த உரிமை இருந்தது. வெட்கத்தினால் நானே அதைக் கைவிட்டேன். வாங்கிவிட்டு வருந்துகிறவர்களை ஏமாளிகள் என்று ஏளனம் செய்கிறோம். அவர்களிற் பலர் ஏமாந்தது அறியாமையால் அன்று. யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற அவசரத்தால்.

இரண்டாவது சுவெட்டர் மூன்றாவது பனிக்காலத்தையும் தாங்கிற்று. அதை முதன்முதலாக உடுத்து வகுப்புக்குப் போன அன்று, முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்:

"சேர், சுவெட்டர் புதுசுங்களா?"

ஒரு கணம் தயங்கினேன். "இல்லையப்பா, பழையது. பதுளையில் தெருவோரத்தில் வாங்கினேன். நன்றாக விரித்துப் பார்த்து வாங்கினேன்" என்றேன்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் மட்டும், தன் சட்டைக் கழுத்தை மூடியிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.