திருப்பி அனுப்பிய நெல் பதராகாது

விக்கிரவாண்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்திருக்கும் குடும்பம் அது. மகனின் இன்ஜினீயரிங் படிப்புக்காகக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த அம்மாவின் சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கினான். மண்ணின் ஈரத்தை அளந்து மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றைக் கல்லூரியில் செய்திருந்தான். அப்பாவின் வயலிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தது. அதைப் பற்றிக் கேட்பார்கள் என்று நம்பிப் போனான். யாரும் கேட்கவில்லை. பலகையில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் பல தடவை எழுதியதுதான். ஆனால், நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கை ஓடவில்லை. இருபது நிமிடத்தில், 'தகவல் சொல்கிறோம்' என்று அனுப்பிவிட்டார்கள். தகவல் வரவே இல்லை.

பத்து நாள் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்க்கவே கூசினான். அப்பாதான் ஒருநாள் பேச்சை எடுத்தார்.

"ஏம்ப்பா, ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல நம்ம நெல்லைத் திருப்பி அனுப்புனாங்களே, அதைப் பதருன்னு கொட்டிட்டோமா? காயவச்சு மறுபடி கொண்டு போகலையா?"

அவன் கையில் இருக்கும் வாட்ஸ்அப்புக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2009-ல் பிரையன் ஆக்டன் என்ற அனுபவமுள்ள இன்ஜினீயர் வேலை கேட்டபோது, ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் அவரை எடுக்கவில்லை. அவர் ஜான் கூமுடன் சேர்ந்து வாட்ஸ்அப்பை வளர்த்தார். 2014-ல் அதே ஃபேஸ்புக், 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. எல்லோருக்கும் அப்படி நடக்காதுதான். ஆனால், ஒரு நாள் தேர்வு ஒருவரின் திறமையை முழுதாக அளந்துவிடாது.

இப்போது அன்று கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். தினமும் ஒரு புரோகிராமைப் பேப்பரில் எழுதி, தங்கைக்கு வாய்விட்டு விளக்குகிறான். அவள் முழிக்கும் இடத்தில் தனக்கும் தெளிவில்லை என்று கண்டுகொள்கிறான். பணம் கட்டினால் வேலை உறுதி என்று வந்த ஏஜென்ட்டை அப்பா வாசலோடு அனுப்பிவிட்டார். 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காவிலும் வேலை தேடுகிறான்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால், அந்த வீட்டில் யாரும் படிப்புச் செலவைச் சொல்லிக் காட்டுவதில்லை. பிள்ளை தோற்றுத் திரும்பும் நாளில் பெற்றவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.