கஞ்சிப் பானையை எந்தக் கட்டத்துக்குள் வைப்பது?

எங்கட இன்ஸ்டகிராம் பக்கத்தில விளம்பரம் செய்யலாமா என்று முதன்முதலாகக் கேட்டது ஒரு கூல்பார். "தங்கச்சியவை, மீடியா கிட் இருந்தா அனுப்புங்கோ, பாத்திட்டுக் கதைப்பம்" என்று அந்த அண்ணை வாட்ஸப் போட்டிருந்தார். "ஓமண்ணை, நாளைக்கு அனுப்புறம்" என்று உடனே பதில் போட்டோம். பிறகுதான் மீடியா கிட் எண்டால் என்ன என்று தேடினோம்.

வேலைக்குப் போடுகிற சுயவிபரக்கோவை மாதிரித்தான் அதுவும். நாங்கள் ஆர், எங்களை ஆர் பாக்கினம், எத்தினை பேர் பாக்கினம், ஒரு ரீலுக்கு எவ்வளவு எடுப்போம். இரண்டு மூன்று பக்கம் போதும். கன்வாவில் ஒரு ரோஸ் நிற டெம்ப்ளேட்டைத் தெரிவு செய்து, கம்பஸ் கன்ரீனில் மூன்று பேரும் ஒரு லப்டொப்புக்கு முன்னால் குந்தினோம்.

முதல் சிக்கல் ஊர்க்கணக்கு. இன்சைட்ஸைத் திறந்தால், எங்களைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும். "அவை ஃபலூடா குடிக்க இஞ்ச வருவினமே? இதை மறைப்பம்" என்றாள் ஒருத்தி. மறைக்கவில்லை. அவர்களில் கொஞ்சப்பேராவது நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் என்று ஒரு வரி சேர்த்தோம். அது பொய்யில்லை.

அடுத்தது "அதிகம் பார்க்கப்பட்டவை" என்ற கட்டம். எங்கள் பக்கத்தில் அதிகம் பார்க்கப்பட்டது மே 18க்கு எடுத்த முள்ளிவாய்க்கால் கஞ்சி ரீல். 92,000 பேர் பார்த்தது. மற்ற ஒன்பது ரீல்களும் 2,000 அளவில்தான். அதைச் சேர்த்தால் எங்கட சராசரி 11,000. எடுத்தால் 2,000.

படத்தைக் கட்டத்துக்குள் போட்டோம். சந்தியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அம்மா, புகை, பானை. அதுக்குக் கீழே "ஒரு ரீல் 7,500 ரூபா". கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

"பொய்க் கணக்கு இல்லைத்தானே" என்றாள் ஒருத்தி. உண்மைதான். ஆனால் அந்த 92,000 பேரும் எங்களைப் பார்க்க வரவில்லை. 2009இல் அரிசியும் தண்ணியும் உப்புமாக உயிரைப் பிடித்து வைத்திருந்த ஒன்றைப் பார்க்க வந்தவர்கள். அந்த அம்மா சிரட்டையில் ஊற்றித் தந்து, "குடிச்சிட்டுப் போங்கோ பிள்ளையள்" என்றுதான் சொன்னவ. எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொன்று, 11,000 என்று நம்பிக் காசு தருகிற அண்ணைக்கு 2,000தான் கிடைக்கும். அதுவும் ஏமாத்துத்தானே?

படத்தை எடுத்தோம். 7,500ஐ 3,000 ஆக்கினோம். கடைசிப் பக்கத்தில் சின்னதாக எழுதினோம்: "நினைவேந்தல் காணொளிகள் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றில் விளம்பரம் செய்வதுமில்லை."

அண்ணை 2,500க்குக் கேட்டார். ஓமெண்டிட்டோம். அந்தக் கடைசி வரியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மீடியா கிட் செய்யப்போகிற ஆக்களுக்கு ஒன்று சொல்லலாம். டெம்ப்ளேட் தேட முதல், அதுக்குள் எதைப் போடமாட்டீங்கள் என்று ஒருக்கா இருந்து கதையுங்கோ. நாங்கள் அதைக் கடைசியாகத்தான் கதைத்தோம்.